சிரட்டைக் கரியும் வீதி வளைவும்

எங்கள் ஒஸ்லோத் தமிழ்ச் சங்க ஆண்டு மலருக்குக் கட்டுரை வாங்குவதற்காகத் துளசி போன கிழமை வந்தாள். சொன்ன நேரத்துக்கு அரைமணி பிந்தி வந்தவள், சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, காரின் உடைந்த முன்விளக்கைக் கைபேசியில் காட்டினாள்.

"பாருங்கோ மாமா. எங்கட வீட்டடி வளைவிலை சறுக்கி விளக்குக் கம்பத்திலை முட்டிட்டுது. ரெண்டு பக்கமும் வெறும் நிலம் கிடக்கு. றோட்டை நேரா விடாமல் எந்த விசரன் வளைச்சவனோ தெரியாது. கொமூன் ஒஃபிசுக்கு ரெண்டு மெயில் போட்டிட்டன், ஒரு பதிலும் இல்லை."

நான் தேத்தண்ணி போடப் போனேன்.

துளசி இங்கே நோர்வேயிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. மின்பொறியியலாளர். நகரின் கிழக்கு விளிம்பில் காட்டை ஒட்டிய ஒரு வரிசை வீட்டில் புருசனோடு இருக்கிறாள். ஓய்வு பெற்ற ஆட்களெல்லாம் தங்கள் வேலையைப் பற்றி மலருக்கு எழுதுகிறார்களாம். "நீங்கள் தொல்லியல் ஆய்வாளராய் இருந்த அனுபவத்தை எழுதித் தாங்கோ. கொஞ்சம் சீரியஸா இருக்கட்டும்" என்றாள்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். நான் தொல்லியல் ஆய்வாளர் அல்ல. பெக்கோ ஓட்டினவன். மண் தோண்டுகிற இயந்திரம். ஆய்வாளர்கள் தரையில் நின்று தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். நான் சூடான கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து வானொலி கேட்பேன். அதுதான் எனக்கும் தொல்லியலுக்கும் இருந்த உறவு.

நான் ஆய்வாளர் என்ற கதை எப்படிப் பரவியது என்றால், நகரின் தெற்கே பியோர்ண்டாலில் ஒரு கலியாண வீட்டில், என்ன வேலை என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். "பழைய கல்லறை தோண்டிற இடத்திலை" என்றேன். பந்தியில் பாயசம் வருவதற்குள் நான் டொக்டர் ஆகிவிட்டேன். மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. அதற்குப் பிறகு ஒருவர் தன் தோட்டத்தில் கிண்டி எடுத்த துருப்பிடித்த கத்தியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இரும்புக் காலம் என்று தீர்ப்புச் சொன்னேன். அது அவருடைய மாமியார் போன கோடையில் தொலைத்த மரக்கறிக் கத்தி.

என் படிப்பைப் பற்றியும் நாலு வரி எழுதவேண்டுமல்லவா. அகதியாய் வந்து நாட்டின் வடகோடியில் ஹம்மர்பெஸ்டில் ஆறு வருடம் மீன் வெட்டினேன். பிறகு ஒஸ்லோவுக்கு வந்து எல்லிங்ஸ்ருட்டில் ஒரு தொடர்மாடி வீடு எடுத்தோம். கனரக இயந்திரம் ஓட்டும் சான்றிதழ் இரண்டாம் தடவையில் கிடைத்தது. முதல் தடவை, பரீட்சகரின் காருக்குப் பக்கத்தில் மண்ணைக் கொட்டிவிட்டேன். பக்கத்தில் என்பது என் கருத்து. மேல் என்பது அவருடைய கருத்து. படிப்பு இவ்வளவுதான்.

ருவார் என்பவரின் சிறிய இயந்திர நிறுவனத்தில் வேலை கிடைத்தது. ஒருநாள் அவர், "நாளைக்குக் கல்லறை வேலை, பல்லில்லாத வாளியைக் கொண்டுபோ" என்று அனுப்பினார். நான் தேவாலயத்துச் சவக்காலை என்று நினைத்துக்கொண்டு கறுப்புக் காற்சட்டை போட்டுப் போனேன். போய்ப் பார்த்தால் ஒரு பழைய பண்ணை நிலம். அதன் மேட்டுப் பக்கம், பேர்ச் மரங்களுக்கு இடையில், புல் மூடிய பத்துப் பன்னிரண்டு மண்மேடுகள். ஆயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முந்திய கல்லறைகள். மேடுகளை வேலி போட்டுப் பாதுகாத்திருந்தார்கள். அவற்றுக்குக் கீழே இருந்த வயலில் வீடு கட்ட ஒரு கட்டுமான நிறுவனம் வந்திருந்தது. மேடு உள்ள கல்லறை எல்லோருக்கும் தெரியும். உழுது உழுது மேடு தேய்ந்துபோன கல்லறை வயலுக்குள் இருந்தால்? அதைத்தான் பார்க்கவேண்டும்.

இந்த நாட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. 1537ஆம் ஆண்டுக்கு முந்திய கல்லறை எதுவானாலும், மண்ணுக்குள் இருக்கும்போதே அது பாதுகாக்கப்பட்டதுதான். யாரும் கையெழுத்து வைக்கத் தேவையில்லை. சுற்றிவர ஐந்து மீற்றருக்குள் ஒரு மண்வெட்டியும் படக்கூடாது. ஆனால் அது அங்கே இருக்கிறது என்று யாராவது முதலில் காட்டவேண்டும். காட்டாவிட்டால் அதன் மேலே வீதி போகும். காட்டுகிறவர் தொல்லியல் ஆய்வாளர் இங்கெர்.

இங்கெருக்கு அப்போது ஐம்பது வயதிருக்கும். உயரமான, மெலிந்த, காற்றில் தோல் கறுத்த பெண். அமைச்சர் வந்தாலும் நீ என்றுதான் பேசுவாள், நான் வந்தாலும் நீ. குரலை உயர்த்தி நான் ஒருநாளும் கேட்டதில்லை. இயந்திரச் சத்தத்தில் உயர்த்தியும் பயனில்லை என்பதால் எல்லாம் கையால்தான். உள்ளங்கையைக் காட்டினால் நில். பெருவிரலைச் சுட்டுவிரலில் தேய்த்தால் இன்னும் மெல்லிசாய் எடு. இரண்டு கையையும் பைக்குள் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தால், பிழை விட்டிருக்கிறாய், இறங்கி வந்து பார். முதல் கிழமை முழுக்க அவளுடைய கைகள் பைக்குள்தான் இருந்தன. குளிராக்கும் என்று நினைத்தேன்.

வேலையைச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு உண்மையாய்த் தெரிந்தது இது ஒன்றுதான். மேலே உழவு மண், ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவு. அதன் கீழே மஞ்சள் மணல். பல்லுள்ள வாளி போட்டால் மணலைக் கோடு கோடாய்க் கீறிவிடும். பிறகு ஒன்றும் தெரியாது. ஆகவே பல்லில்லாத அகன்ற வாளி. உழவு மண்ணை இயந்திரத்தை நோக்கி இழுக்கவேண்டும், இரண்டு மூன்று தடவையாய்; கடைசி இழுவை தோசைத் தடிப்புத்தான். இழுத்த இடத்தில் இயந்திரத்தின் சங்கிலிப் பட்டி ஏறக்கூடாது. எனவே எப்போதும் பின்னால் பின்னாலேயே போய்க்கொண்டிருக்க வேண்டும். என் மனைவி பவானி, "இருவத்தஞ்சு வருசம் வேலை செய்து ஒரு அடி முன்னாலை போகேல்லை" என்று சொல்வது இதைத்தான்.

வாளிக்குப் பக்கத்திலேயே இங்கெர் ஒரு சுரண்டியோடு நடந்து வருவாள். மஞ்சள் மணலில் கறுப்பாய் ஒரு வட்டம் தெரிந்தால் உள்ளங்கை எழும்பும். கறுப்பு வட்டம் எரிந்த மரவேராய் இருக்கலாம், தூண் நட்ட குழியாய் இருக்கலாம், கல்லறையாயும் இருக்கலாம். அந்தக் காலத்தில் இந்த ஊர்க்காரரும் எங்களைப்போலப் பிணத்தை எரித்தவர்கள்தான். எரித்து, எலும்பைப் பொறுக்கி, கரியோடு சேர்த்து ஒரு சின்னக் குழிக்குள் வைத்துவிடுவார்கள். மேலே மேடு இல்லாவிட்டால் மிஞ்சுவது ஒரு சுளகு அகலக் கறுப்பு மட்டும்.

ஒருநாள் இங்கெர் வெள்ளைத் துணுக்கு ஒன்றை எடுத்து நாக்கில் வைத்தாள். நான் இயந்திரத்தை நிறுத்தினேன். இறங்கிப் போய், என்ன செய்கிறாய் என்று கேட்டேன்.

"எலும்பெண்டால் நாக்கிலை ஒட்டும். கல்லு ஒட்டாது. நீயும் பார்" என்று எனக்கு நீட்டினாள்.

நான் பார்க்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் பவானிக்குச் சொன்னதுதான் பிழை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு புதுச் சட்டம். செத்தவீட்டுக்குப் போய் வந்தவன் முழுகாமல் வீட்டுக்குள் வரக்கூடாது. ஆயிரத்து ஐந்நூறு வருடம் ஆனால் என்ன, சுடலை சுடலைதான் என்றாள். அடித்தளத்தில் உள்ள பொதுச் சலவை அறையில் வேலை உடுப்பைக் கழற்றி, அங்கேயே தலையில் தண்ணீர் வார்த்துக்கொண்டு, துவாயோடு மின்தூக்கியில் ஐந்தாம் மாடிக்கு வருவேன். அந்தக் கட்டடத்தில் இருந்த நோர்வேக் கிழவி ஒருத்தி, எங்கள் வீட்டில் குளியலறை பழுதாக்கும் என்று குடியிருப்பாளர் சங்கத்துக்கு எனக்காகக் கடிதம் எழுதினாள்.

இனி அந்தக் கறுப்புக்கு வருகிறேன்.

அது ஓர் ஐப்பசி வெள்ளிக்கிழமை. வயலின் கடைசிப் பட்டையை இழுத்துக்கொண்டிருந்தோம். இங்கெருக்குப் பல்வைத்தியரிடம் நேரம் இருந்ததால் இரண்டு மணிக்கே புறப்பட்டாள். போகும்போது, "நான் இல்லாமல் ஒரு வாளியும் இழுக்காதே" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அவள் அதைச் சொல்லியிருக்கவே தேவையில்லை. அந்தத் தொழிலின் முதல் விதியே அதுதான்.

அவள் போன பிறகு பார்த்தால், பட்டை முடிய ஒரே ஒரு வாளி மிச்சம். ஓரம் கோணலாய் நின்றது. எனக்கு அது பொறுக்கவில்லை. சோற்றுக் கோப்பையில் ஒரு கவளம் மிச்சம் விட்டாலே அடி விழுந்து வளர்ந்தவன் நான். இன்னும் ஒரு வாளி, அவ்வளவுதானே என்று இழுத்தேன். அழகான நேர்கோடு வந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கறுப்பும் வந்தது. யாரோ பண்ணைக்காரன் குப்பை எரித்திருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இயந்திரத்தை நிறுத்தினேன்.

அடுத்த நாள் விசயதசமி. ருவார் அந்த வருடம்தான் புது பெக்கோ வாங்கிப் பாவிக்கத் தந்திருந்தார். வீட்டில் அரிவாளுக்கும் மகனின் கணினிக்கும் பொட்டு வைத்த பவானி, "சோறு போடுற மெசினுக்கு ஒண்டும் செய்யேல்லையோ? அதுவும் சுடலைக்குள்ளை நிக்குது" என்றாள். எனக்கும் அது நியாயமாய்ப் பட்டது. சனிக்கிழமை வயலில் ஒருவரும் இல்லை. விடியவே போனேன்.

முறையாகத்தான் செய்தேன். வாளிக்குத் திருநீறும் சந்தனமும். இரண்டு சங்கிலிப் பட்டிக்கும் கீழே பட்டிக்கொரு தேசிக்காய். ஒரு கல்லில் தேங்காய் உடைத்தேன். சாம்பிராணிப் புகை காட்ட, பவானி மாதக்கணக்காய்ச் சேர்த்துக் காயவைத்திருந்த சிரட்டைகளைப் பெயின்ற் தகரம் ஒன்றில் போட்டு எரித்துத் தணலாக்கினேன். நல்ல புகை. பெக்கோவைச் சுற்றி மூன்று தரம் வந்தேன். மேட்டுக் கல்லறைகளைப் பார்த்தும் ஒருக்கால் காட்டினேன், குறை நினைக்காதேங்கோ என்று.

அப்போதுதான் காற்று எழும்பியது. தணல் பொறி பறந்து காய்ந்த புல்லில் விழுந்தது. கல்லறைகளையும் மரங்களையும் எரித்தவன் என்ற பெயரோடு நாட்டைவிட்டுப் போக வேண்டிவருமோ என்று பதறிப்போய், தகரத்தைத் தூக்கிக்கொண்டு மணல் பக்கம் ஓடினேன். எங்கே கொட்டுவது? ஏற்கெனவே கறுப்பாய் ஓரிடம் இருக்கிறதே. அதற்கு மேலேயே கவிழ்த்து, சப்பாத்தால் மிதித்து மிதித்து அணைத்து, மேலே கொஞ்சம் மணலும் தூவிவிட்டு வந்தேன். கெட்டிக்காரன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டதும் நினைவிருக்கிறது.

திங்கட்கிழமை இங்கெர் அந்த ஓரத்துக்குப் போனாள். நேர்கோட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து மணலைச் சுரண்டினாள். கறுப்பு தெரிந்ததும் முகம் மலர்ந்துவிட்டது. மேடுகளிலிருந்து அவ்வளவு தூரத்தில் அதுவரை ஒன்றும் கிடைத்திருக்கவில்லை. அது கல்லறையானால் பாதுகாப்பு எல்லை அதுவரைக்கும் வரும்; புதுக் குடியிருப்பின் பிரதான வீதி சரியாய் அதற்கு மேலேதான் வரையப்பட்டிருந்தது. வயது பார்க்க ஆய்வுகூடத்துக்கு அனுப்புவதற்காக மேலேயிருந்து கரி எடுத்துச் சின்னப் பையில் போட்டு நாற்பத்தொன்று என்று இலக்கம் எழுதினாள். அன்றிரவே உறைபனி இறங்கத் தொடங்கியது. மூடி வைத்துவிட்டு, வசந்தத்தில் பார்ப்போம் என்றாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். கொட்டாவி விட்டு மூடினேன்.

பங்குனி கடைசியில் ஆய்வுகூடப் பதில் வந்தது. வயலோரத்துக் கொட்டகையில் கூட்டம். இங்கெர், கட்டுமான நிறுவனத்தின் சார்பில் ஹென்ரிக் என்ற இளைஞன், ருவார், எல்லை எங்கே என்று கேட்டால் காட்டுவதற்காக நான். இங்கெர் கடிதத்தை வாசித்தாள். நாற்பத்தொன்றாம் இலக்கக் கரி மரமே அல்ல. வெப்ப நாட்டுப் பனைவகை ஒன்றின் கொட்டை ஓடு. வயது: தற்காலம்.

ஹென்ரிக் சிரித்தான். "யாரோ பிக்னிக் வந்திருக்கினம். அப்ப வீதி போடலாம்தானே?"

ருவாரும் சிரித்தார். வீதி வேலையின் ஒப்பந்தம் அவருக்குத்தான் வரவிருந்தது. அது எனக்கும் மூன்று வருடச் சோறு.

இங்கெர் சிரிக்கவில்லை. கடிதத்தை மடித்து, விரித்து, மறுபடி மடித்தாள். வெள்ளிக்கிழமை, நிலத்தைக் கட்டுமானத்துக்கு விடுவிக்கிற பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னாள். அவள் வெளியே போகும்போது இரண்டு கையும் பைக்குள் இருந்தன. பிழை விட்டது தான்தான் என்று அவள் நினைத்துக்கொண்டு போனாள். என் கோப்பி ஆறிப்போய்விட்டது.

வீட்டுக்கு வந்து, முழுகி, பவானிக்கு எல்லாவற்றையும் சொன்னேன்.

"சிரட்டை எங்கட எண்டு அவைக்குத் தெரியுமோ?" என்றாள் முதலில்.

"தெரியாது."

"அப்ப பேசாமல் இருங்கோ. ருவார் கலைச்சு விட்டால் இந்த வயசிலை ஆர் வேலை தருவினம்? வாயைக் குடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டு வராதேங்கோ."

"அந்த இடம் நான் கொட்ட முந்தியே கறுப்பப்பா. என்ரை தணலுக்குக் கீழை வேறை ஏதோ இருக்கு. அது ஆருக்கும் தெரியாது, எனக்கு மட்டும்தான் தெரியும்."

அவள் கையில் இருந்த வெங்காயத்தை வெட்டி முடித்தாள். பிறகு, "ஆளாயிருக்குமோ?" என்றாள்.

"இருக்கலாம்."

வியாழக்கிழமைவரை நான் பேசாமல்தான் இருந்தேன். வீரன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மூன்று இரவும் நன்றாகத் தூங்கவும் செய்தேன். ஆனால் பகலில் அப்பாவின் நினைவாகவே இருந்தது. அவர் போனபோது நான் ஹம்மர்பெஸ்டில், வதிவிட அனுமதி முடிவாகாத நேரம். போக முடியவில்லை. தம்பிதான் கொள்ளி வைத்தான். காடாத்தி, சாம்பலைக் கீரிமலைக் கடலில் கரைத்தார்களாம். ஒரு கிழமை கழித்துத் தொலைபேசியில் கேட்டேன். எரித்த இடத்தைக்கூட நான் பார்த்ததில்லை. இங்கே, எரித்த இடம் இதுதான் என்று தெரிந்த ஒரே ஆள் நான். அந்த இடத்தின் மேலே தாரும் கல்லும் கொட்டப்போகிற ஆளும் நான்தான். எனக்கு வெட்கமாய் இருந்தது. அதைவிட வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

இங்கெர் கொட்டகையில் தனியே, பழுப்புப் பாற்கட்டி வைத்த பாணைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் நின்றபடியே சொன்னேன். விசயதசமி என்பதை நோர்வே மொழியில் விளக்குவது லேசான காரியமல்ல. இயந்திரத்துக்குப் பிறந்தநாள் மாதிரி என்றேன். அது சரியில்லை என்று எனக்கே தெரிந்தது.

அவள் ஏசவில்லை. பாணை வைத்துவிட்டுக் குறிப்புப் புத்தகத்தையும் பென்சிலையும் எடுத்தாள்.

"எத்தனை ஓடு?"

"ஏழெட்டுச் சிரட்டை."

"எவ்வளவு நேரம் எரிஞ்சது?"

"கால் மணித்தியாலம்."

"கொட்டேக்கை எங்கை நிண்டனீ?"

சொன்னேன். எழுதினாள்.

"முந்தியே கறுப்பெண்டு எப்பிடித் தெரியும்?"

இதுதான் தொண்டையில் நின்ற முள். "வெள்ளிக்கிழமை நீ போனாப் பிறகு நான் ஒரு வாளி இழுத்தனான். அப்பவே கண்டனான்."

பென்சில் நின்றது. "ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"பயம்."

அதையும் எழுதினாள். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அந்த வாளிக்கு எனக்கு உன்னிலை கோபம். தேங்காய்க்கு இல்லை" என்றாள். அவள் கோபம் என்ற சொல்லைச் சொன்னது அந்த ஒருநாள்தான். அடுத்த நிமிடமே சுரண்டியை எடுத்துக்கொண்டு வயலுக்கு நடந்தாள். நான் பின்னால் போனேன்.

ஒரு கறுப்பை எப்படிப் பார்ப்பது என்றால், நடுவே ஒரு நூலைக் கட்டி, நூலுக்கு ஒரு பக்கத்தை மட்டும் கரண்டியால் எடுத்துவிட்டு, வெட்டின முகத்தைப் பார்க்கவேண்டும். கேக்கை வெட்டி உள்ளே என்ன என்று பார்ப்பதுபோல. மற்றப் பாதி அப்படியே இருக்கும். இங்கெர் முழங்காலில் இருந்து எடுத்தாள். ஈர மண்ணை நான் வாளி வாளியாய்த் தூக்கிப்போய் அரித்தேன், கையால்தான். இரண்டு மணி நேரம் போனது.

வெட்டின முகத்தை அவள் ஒரு தூரிகையால் தட்டிவிட்டு, என்னைக் கூப்பிட்டாள். மேலே விரல் தடிப்பில் பளபளவென்று கறுப்பு. என் சிரட்டை. அதன் கீழே, கரைந்துபோன மங்கலான கறுப்பு, ஒரு சாண் ஆழத்துக்கு. அதற்குள் வெள்ளை வெள்ளையாய்த் துணுக்குகள்.

இங்கெர் ஒன்றை எடுத்து நாக்கில் வைத்தாள். தலையை ஆட்டினாள். எனக்கும் ஒன்றை நீட்டினாள். இந்த முறை நான் வாங்கினேன். ஒட்டியது. இதைப் பவானி இந்த மலரில் வாசித்துத்தான் அறிந்துகொள்ளப் போகிறாள்.

என் அரிதட்டில் உருகின கண்ணாடி மணி ஒன்றும், நகக்கண் அளவில் ஒரு வெண்கலத் துண்டும் கிடைத்தன. துண்டில் பின்னிப் பிணைந்த கோடுகள். அது இந்த நாட்டு வேலை அல்ல, இங்கிலாந்தில் இருந்த ஆங்கிலோ-சாக்சன் கம்மாளரின் கைவேலை என்று இங்கெர் பிறகு சொன்னாள். மணி இருப்பதால் பெண்ணாய் இருக்கலாம் என்றும் சொன்னாள். அவள் எப்போதும் இருக்கலாம் என்றுதான் சொல்வாள். நான் ஒருத்தி என்றே முடிவு கட்டிவிட்டேன். வெளிநாட்டுச் சாமானோடு போனவள். அவளுக்கு மேலே இன்னொரு வெளிநாட்டுச் சாமானைக் கொட்டினது நான்.

வெள்ளிக்கிழமை கையெழுத்து விழவில்லை. விதிவிலக்குக் கேட்டு மாதக்கணக்காய்க் காத்திருக்க ஹென்ரிக்கின் நிறுவனத்துக்கு மனமில்லை. வரைபடத்தை எடுத்து வீதியை வளைத்தார்கள். வெட்டாத பாதிக் கல்லறையும், சுற்றிவர ஐந்து மீற்றரும், புல் விதைத்து அப்படியே விடப்பட்டன. பெயர்ப்பலகை வைக்கவில்லை. வைத்தால் ஆட்கள் தோண்டுவார்கள் என்று இங்கெர் விடவில்லை.

ருவார் என்னைக் கலைக்கவில்லை. அதைவிட மோசமாய்ச் செய்தார். பெக்கோவை வேறு ஒருவனிடம் கொடுத்துவிட்டு, என்னைப் பனி வழிக்க அனுப்பினார். வளைந்த வீதியின் ஒப்பந்தம் வேறு யாருக்கோ போய்விட்டது. இரண்டு மாரி, ஒஸ்லோவின் வாகனத் தரிப்பிடங்களிலெல்லாம் பனி வழித்தேன். பவானி ஒருநாளும் சொல்லிக் காட்டவில்லை. சிரட்டை சேர்ப்பதை மட்டும் நிறுத்திவிட்டாள். மூன்றாம் வருடம், வேறொரு கல்லறை வேலைக்கு ருவாரிடம் இயந்திரம் கேட்டு வந்த கடிதத்தில், ஓட்டுநராக இன்னார்தான் வேண்டும் என்று இங்கெர் என் பெயரைச் சரியான எழுத்துகளோடு எழுதியிருந்தாள். முதல் நாள் இறங்கிப்போய் ஏன் என்று கேட்டேன். "எங்கை பொய் சொல்லுவாய் எண்டு எனக்குத் தெரியும். மற்றவங்களிலை அது தெரியாது" என்றாள். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். அவள் ஓய்வு பெறும்வரை அவளோடு பின்னால் பின்னாலேயே போனேன். அவள் இல்லாமல் ஒரு வாளியும் இழுக்கவில்லை.

அறிக்கையில் என் பெயர் இல்லை. "மேல் அடுக்கு: தேங்காய்ச் சிரட்டைக் கரி. இயந்திர ஓட்டுநரின் சமயச் சடங்கு. தற்காலம்" என்று ஒரு வரி இருக்கிறது. அந்தக் கரியும் வீசப்படவில்லை. இலக்கம் போட்டு, அருங்காட்சியகத்தில் அந்தப் பெண்ணின் எலும்புகளுக்குப் பக்கத்துப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். தொல்லியலுக்கு என் பங்களிப்பு எங்கே என்று யாராவது கேட்டால் அங்கே போய்ப் பார்க்கலாம்.

ஒவ்வொரு விசயதசமிக்கும் பேருந்து எடுத்து அந்த வளைவுக்குப் போய்ப் புல்லோரம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவேன். கற்பூரம் கொளுத்துவதில்லை. இங்கெர் தடை போட்டிருக்கிறாள்.

துளசி, நீ கேட்டது ஆய்வாளரின் கட்டுரை. கிடைத்தது இது. போடுவதா விடுவதா என்று குழுவோடு கதைத்து முடிவெடு. ஆனால் கொமூனுக்கு இனி மெயில் போடாதே. அந்த றோட்டை வளைத்த விசரன் நான்தான். உன் வீட்டடியில் வெறும் நிலம் என்று நீ சொன்ன இடத்தில் ஒருத்தி இருக்கிறாள். வளைவிலே மெதுவாய்ப் போ, பிள்ளை.